காலியாகாத கிண்ணங்கள்

6

வாசலில் காவலாளி நீட்டிய தாள் மூன்று பக்கம், அத்தனையும் பொடி எழுத்து. உள்ளே பார்ப்பது, கேட்பது எதையும் வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்குமாம்.

"வீடு வாங்கினப்போகூட நான் இவ்வளவு தாளைப் பார்க்கல அண்ணி," என்றான் கொழுந்தன். "நாம பார்க்க வந்தது புழுவைத்தானே? அதுங்களுக்கு என்ன இவ்வளவு கௌரவம்?"

"போட்டுத் தொலை. மணி பன்னிரண்டரை ஆயிடுச்சு," என்றார் சர்வேயரம்மா. தானும் படிக்காமல் போட்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸிலும் அதற்குப் பிறகும் படிக்காமல் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வயல் வயலாக இறங்கிப் பயிர்ச்சேதம் கணக்கெடுத்தவர் அவர். வேலையை விட்டு நாலு வருடமாகியும் பட்டப்பெயர் விடவில்லை. பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் பழக்கமும் விடவில்லை. அதனால்தான் இப்போது துப்பறியும் வேலை. கூட இருப்பவன் கணவரின் தம்பி. வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாயை மூடாமல் இருப்பது என்று மூன்று உத்தியோகத்தையும் ஒருவனே பார்க்கிறான்.

மூன்று நாளைக்கு முன்னால் ஒரு மக்காச்சோள விவசாயி அவரைத் தேடி வந்தார். ஒரு காலத்தில் அவருடைய எட்டு ஏக்கர் சேதத்தை ஒரு செடி விடாமல் எண்ணியவர் சர்வேயரம்மா. அந்த நம்பிக்கையில் வந்திருந்தார்.

"என் தங்கச்சி பொய்க்கணக்கு எழுதினாள்னு சொல்றாங்கம்மா," என்றார். "சின்ன வயசுல விளையாட்டுல தோத்தாக்கூட தோத்துட்டேன்னு தானா வந்து சொல்ற பொண்ணு அது. நீங்க போய்ப் பாருங்க."

விஷயம் இதுதான். தங்கச்சி இந்தப் பல்கலைக்கழகத்தில் பூச்சி ஆராய்ச்சி மாணவி. பதினொரு வருடமாக ஒரு மருந்துக் கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வகம் அது. கட்டடமும் கருவிகளும் கம்பெனியுடையவை, மூளையும் முத்திரையும் பல்கலைக்கழகத்துடையவை. கம்பெனியின் புது மருந்தைச் சோதிக்க அவள் தன் அண்ணன் வயலிலிருந்தே இருநூற்று நாற்பது புழுக்களைப் பொறுக்கி வந்தாள். அதிகம் வளர்க்காமல் நாலே நாளில் மருந்து அடித்தாள். எழுபத்தொன்றுதான் செத்தன. மற்றதெல்லாம் ஜம்மென்று இலையைத் தின்றுகொண்டிருந்தன.

கம்பெனி நம்பவில்லை. சாட்சி வைத்து இன்னொரு தடவை செய் என்றார்கள். அதே வயல் புழுக்களை ஆய்வகத்தில் ஒரு மாதம் வளர்த்து, எல்லார் முன்னிலையிலும் மருந்து அடித்தாள். இந்தத் தடவை இருநூற்று முப்பத்தைந்து செத்தன. பிழைத்தவை ஐந்தே ஐந்து.

அப்படியானால் முதல் கணக்கு? இட்டுக்கட்டியது என்றார்கள். இன்று மூன்று மணிக்குக் கமிட்டி. அவள் பெயருக்கு நேரே 'பொய்யாக எழுதியது' என்று எழுதப் போகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் ஐந்து வருட உழைப்பும் முனைவர் பட்டமும் அத்தோடு சரி. வேறெந்தப் பல்கலைக்கழகமும் அவளை உள்ளே சேர்க்காது.

ஆராய்ச்சிப் பெண் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட புடவை, தூங்காத கண்கள்.

"என் பெட்டிங்க இருக்கிற ரூமுக்கு ரெண்டு வாரமா என்னை விடல மேடம். பூட்டிட்டாங்க," என்றாள்.

"யார்கிட்ட சாவி?"

"கம்பெனி மேலாளர்கிட்ட ஒண்ணு. தீனி போடற அண்ணன்கிட்ட ஒண்ணு. புழு பட்டினி கிடக்கக் கூடாதில்ல."

"மேலாளர் எப்படி இருப்பார்?" என்றான் கொழுந்தன்.

"டை கட்டியிருப்பார்."

"போதும். கேஸ் முடிஞ்சுது அண்ணி. இந்த வெயில்ல டை கட்டறவன் எதையோ மறைக்கத்தான் கட்டுவான்."

சர்வேயரம்மா ஏற்கெனவே திரும்பியிருந்தார். அவருடைய கண் தாழ்வாரச் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் இருந்தது. பெட்டி எண், கிண்ணம் இருநூற்று நாற்பது, திங்கட்கிழமைக் கணக்கு, காலி: 0. அடுத்த பெட்டி, காலி: 0. அதற்கடுத்தது, காலி: 0. மேலிருந்து கீழ்வரை முட்டை முட்டையாக அடுக்கியிருந்தது.

"இதென்னம்மா?"

"இந்தப் புழுக்களை ஒண்ணா விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுடும் மேடம். அதனால ஒரு கிண்ணத்துக்கு ஒரு புழு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலாளர் வந்து எண்ணுவார். அஞ்சு கிண்ணத்துக்கு மேல காலியா இருந்தா அந்தச் சோதனையே ரத்து."

சர்வேயரம்மாவின் மனதில் ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. அதற்குள் புழுத்தீனி தயாரிக்கும் அறையிலிருந்து உள்ளே வரச் சொல்லிக் குரல் வந்தது.

தீனிக்காரர் ஐம்பத்தைந்து வயது மனிதர். முழங்கைவரை மாவு. பெரிய கிரைண்டர், ஆவி பறக்கும் அண்டா, தட்டுத் தட்டாக உறைந்துகொண்டிருக்கும் கட்டிகள். பாதித் தட்டுகளில் வெள்ளை, மீதித் தட்டுகளில் ரோஸ்.

"பேக்கரி மாதிரி இருக்கே. ரோஸ் எவ்வளவுண்ணே?" என்றான் கொழுந்தன்.

"சாப்பிட்டுடாதீங்க தம்பி. பயறு மாவு, ஈஸ்ட், சத்து மருந்து. வெள்ளை நம்ம பிள்ளைங்க புழுவுக்கு. ரோஸ் கம்பெனி புழுவுக்கு. சாயம் போட்டுத்தான் கொடுக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அது உடம்புக் கொழுப்புல போய் ஊறிக்கும், அப்புறம் வெள்ளைத் தீனி தின்னாலும் போகாது. அவங்க புழு எது, நம்ம புழு எதுன்னு குழப்பம் வரக்கூடாதுன்னு."

"புழுவைப் பார்த்தா தெரியுமா?"

"புழுவுல தெரியாதும்மா, அது எப்பவும் பழுப்புதான். பூச்சியாகி முட்டை வச்சா அதுல தெரியும்." அவர் ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "பாப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நீங்களாவது சொல்லுங்க."

"உங்க ரெண்டாவது சோதனையில பிழைச்ச அஞ்சும் என்ன ஆச்சு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் சர்வேயரம்மா.

"இந்நேரம் பூச்சியாகி முட்டையும் வச்சிருக்கும். பூச்சி ரூம்ல இருக்கும். என்னைத்தான் விடல."

"எங்களை விடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே," என்றார் சர்வேயரம்மா. தீனிக்காரர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

பூச்சி அறையில் நுழைந்ததும் கொழுந்தன் நின்றுவிட்டான். மத்தியான நேரத்தில் உள்ளே கும்மிருட்டு. மூலையில் ஒரே ஒரு சிவப்பு பல்பு.

"இதுங்க ராத்திரியிலதான் ஜோடி சேரும். நமக்கோ பகல்லதான் டூட்டி. அதனால பகலை ராத்திரியாக்கிட்டோம். சிவப்பு வெளிச்சம் இதுங்க கண்ணுக்குத் தெரியாது," என்றார் தீனிக்காரர்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கணும் அண்ணி. ஆபீசுக்கு லேட்டாச்சுன்னு யாரும் எழுப்ப மாட்டாங்க."

ஜாடிக்குள் பூச்சிகள் தத்தித் தத்திப் பறந்தன. உள்ளே தொங்கிய காகிதத் துண்டில் முட்டைகள், கடுகைவிடச் சிறியவை, கொத்துக் கொத்தாக. சர்வேயரம்மா பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெள்ளைதான். வயல் புழு வெள்ளைத் தீனி தின்றது, வெள்ளை முட்டை வைத்தது. ஒன்றுமில்லை. மணி ஒன்றரை. அந்த அண்ணனிடம் என்ன சொல்வது?

"அண்ணி," என்றான் கொழுந்தன். குரலில் உண்மையான கவலை. "என் சட்டையில கோட்டைக் காணோம்."

"என்னடா உளர்றே?"

"வெள்ளையில சிவப்புக் கோடு போட்ட சட்டை. போன வாரம்தான் வாங்கினேன். பாருங்க, வெறும் வெள்ளையா இருக்கு. ஒரே வாரத்துல சாயம் போச்சா?"

சர்வேயரம்மா சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு தாழ்வார ஜன்னலுக்கு நடந்தார். சிவப்பு விளக்கில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெயிலில் கொழுந்தனின் கோடுகள் திரும்பி வந்தன. முட்டைகளும் நிறம் மாறின. அத்தனையும் ரோஸ்.

ஆராய்ச்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது என் புழு இல்ல. இது கம்பெனி புழு."

"கம்பெனி புழுவுக்கு மருந்து அடிச்சா?"

"செத்துடும் மேடம். அதுங்க அறுபது தலைமுறையா பெட்டிக்குள்ளயே வளர்ந்தது. மருந்து வாசனையே படாதது. யாரோ மாத்தியிருக்காங்க. அப்போ என் முதல் கணக்கு சரி. சரிதானே மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக யாரோ அவளுக்குக் கேட்டதைக் கொடுத்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"டைக்காரன்," என்றான் கொழுந்தன். "சாவி இருக்கு, காரணம் இருக்கு, டையும் இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, மேலாளரே தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். சர்வேயரம்மா சுற்றி வளைக்கவில்லை. காகிதத்தை நீட்டினார், விஷயத்தைச் சொன்னார். மேலாளரின் முகம் வெளிறியது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமாக இருந்தது.

"மேடம், இந்தச் சாயத்தைப் போடச் சொன்னதே நான். நான் மாத்தறதா இருந்தா, முட்டையிலேயே என்னைக் காட்டிக்கொடுக்கிற புழுவையா எடுத்து வைப்பேன்? வெள்ளைத் தீனியில நாலு பெட்டி வளர்த்து வச்சிருக்க மாட்டேனா?"

திருடத் தெரிந்தவனுக்குத் தடயத்தை அழிக்கவும் தெரிந்திருக்கும். இது திருடத் தெரியாத ஆள் செய்த வேலை. அதாவது, திருட்டு என்றே நினைக்காத ஆள்.

சர்வேயரம்மா மறுபடி அந்த வெள்ளைப் பலகையின் முன் போய் நின்றார். காலி: 0. காலி: 0. உறுத்தியது என்னவென்று இப்போது தெரிந்தது. பயிர்ச்சேதம் பார்த்த காலத்தில் ஒரு செடிகூடச் சாகாத வயல் என்று எவனாவது எழுதிக் கொடுத்தால், அந்த வயலைத்தான் அவர் முதலில் போய்ப் பார்ப்பார். உயிருள்ளது என்றால் நூற்றுக்கு நாலாவது செத்துத்தான் தீரும். இங்கே அத்தனை பெட்டியிலும் ஒரு புழுகூடச் சாகவில்லை.

எல்லாரும் அவர் பின்னாலேயே தீனி அறைக்குப் போனார்கள். தீனிக்காரர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புழு செத்துப்போச்சுன்னா அந்தக் கிண்ணத்தை என்ன பண்ணுவீங்க?"

"கழுவிட்டு வேற புழுவை வச்சிடுவேன்," என்றார் அவர், கையை நிறுத்தாமல். "ஞாயித்துக்கிழமை அந்த வேலைதான். திங்கட்கிழமை எண்ணறப்போ காலி இருக்கக் கூடாதில்ல."

"வேற புழு எங்கேருந்து?"

"பக்கத்து ரூம்ல கம்பெனி புழு ஆயிரக்கணக்குல கெடக்குதேம்மா."

கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சர்வேயரம்மா போய் அதை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு பெட்டியிலயுமா?"

"வயல் புழுவுக்கு இந்தத் தீனி இறங்காதும்மா. பட்டினியா கெடந்து சாகும். முதல் வாரமே அறுபது போச்சு. ரத்து பண்ணிட்டா பாப்பா இன்னொரு வருஷம் காத்திருக்கணும். கல்யாணத்தையே இதுக்காகத் தள்ளிப்போட்ட பொண்ணு. பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?" தீனிக்காரர் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "புழுவுக்குப் புழு வச்சேன். ரெண்டும் ஒரே வகைதானே?"

ஆராய்ச்சிப் பெண் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ படிக்கிற பொண்ணு. இந்தக் கவலையெல்லாம் உனக்கு எதுக்குன்னுதான் சொல்லல பாப்பா."

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார் சர்வேயரம்மா.

"சேர்ந்த நாள்லேருந்து. பதினோரு வருஷம் ஆச்சு."

"எல்லாப் பிள்ளைங்க பெட்டியிலயும்?"

"ஒருத்தருக்குச் செஞ்சு இன்னொருத்தருக்குச் செய்யாம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் தீனிக்காரர்.

கமிட்டி அறையில் மூன்று நாற்காலிகள். நடுவில் துறைத்தலைவர், ஒரு பக்கம் கம்பெனி மேலாளர், மறு பக்கம் நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கடைசிவரை பேனா மூடியைத் திறக்கவேயில்லை.

சர்வேயரம்மா பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். காகிதம், சாயம், சிவப்பு பல்பு, ஞாயிற்றுக்கிழமை வேலை. கடைசியில் தன் கையிலிருந்த நல்ல சீட்டையும் இறக்கினார்.

"இன்னும் ஒண்ணு சார். முதல் தடவையும் அவர் நாலு புழுவை மாத்தி வச்சிருக்கலாம். வச்சிருந்தா அதெல்லாம் மருந்துக்குச் சாகிற புழு. செத்த கணக்குதான் கூடியிருக்கும். அப்படியும் எழுபத்தொண்ணுதான் செத்திருக்குன்னா, மருந்து இந்தப் பொண்ணு சொன்னதைவிட மோசம்னுதான் அர்த்தம்."

துறைத்தலைவர் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றார்.

சர்வேயரம்மா தயாராக வைத்திருந்த அடுத்த வாதம் அப்படியே நின்றுவிட்டது. மறுப்பார்கள், கத்துவார்கள், கதவைக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

"இப்போ நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றார் துறைத்தலைவர். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். "இந்த ஆய்வகத்துலேருந்து இதுவரைக்கும் முப்பத்தி நாலு பேர் பட்டம் வாங்கிப் போயிருக்காங்க. உண்மையை எழுதினா முப்பத்தி நாலு பேர் பட்டமும் போகும். ஆய்வகத்தை நாளைக்கே மூடணும். தீனி போடறவரை வீட்டுக்கு அனுப்பணும். சரி, அதையும் செய்யலாம். செஞ்சா இந்தப் பொண்ணுக்கு நியாயம் கிடைக்குமா? கிடைக்காது. மூடின ஆய்வகத்துல எடுத்த முதல் கணக்கும் செல்லாத கணக்குதான்."

"இன்னொரு தடவை சோதனை பண்ணுங்க."

"ஒப்பந்தப்படி ஒரு தடவைதான் திருப்பிச் செய்யலாம். அதுக்கு மேல கம்பெனி தலைமை ஆபீஸ் அனுமதி வேணும்," என்றார் மேலாளர். டையின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டார். "நான் இன்னைக்கே எழுதறேன் மேடம், சத்தியமா எழுதறேன். பதில் வர எட்டு மாசம் ஆகும். மருந்து போன வாரமே கிடங்குலேருந்து கிளம்பிடுச்சு."

அப்போது ஆராய்ச்சிப் பெண் எழுந்தாள்.

"சார், ரெண்டாவது சோதனைக்கு எடுத்து வந்ததுல ஒரு பெட்டி மீதி இருக்கு. அண்ணன் வயல் புழு. அது அதே சோதனையில சேர்ந்ததுதான், புது அனுமதி வேண்டாம். ரெண்டு வாரமா பூட்டியிருக்கு. மிச்சப் பெட்டிங்கறதால யாரும் எண்ணறதில்ல, தீனி அண்ணனும் அதுல மாத்தியிருக்க மாட்டார். பாதி செத்திருந்தாலும் மீதிக்கு மருந்து அடிச்சுப் பார்க்கலாம். உங்க கண்ணு முன்னாடியே பண்றேன்."

துறைத்தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலாளர்கூடத் தலையாட்டினார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அவள் தோற்க வேண்டும் என்ற ஆசை இல்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். தீனிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"பூட்டின ரூம்ல பாப்பாவோட இன்னொரு பெட்டி இருக்கில்ல? அதுல எத்தனை புழு உயிரோட இருக்கு?"

தீனிக்காரருக்குத் தன்மேல் கோபமில்லை என்று தெரிந்ததில் முகம் மலர்ந்தது.

"முழுசா இருக்கு சார். இருநூத்தி நாப்பதும். ரூமைப் பூட்டினா என்ன, நான் ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடல. ஒரு கிண்ணம் காலி இல்ல."

சர்வேயரம்மா கொழுந்தனைப் பார்த்தார். அவன் தன் சட்டைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆராய்ச்சிப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்காவது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துறைத்தலைவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதியதை அவளிடம் தள்ளினார். முதல் சோதனையில் எண்ணிக்கைப் பிழை, காரணம் அனுபவக் குறைவு. இரண்டாவது சோதனை செல்லும். உள்நோக்கம் எதுவும் இல்லை.

"பொய்னு எழுத மாட்டோம். உன் பேருக்கு ஒண்ணும் வராது. பட்டமும் வரும்," என்றார்.

"நான் சரியாத்தான் எண்ணினேன் சார்."

"தெரியும்மா," என்றார் அவர்.

அவள் சர்வேயரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. சர்வேயரம்மாவுக்குப் பதில் தெரிந்திருந்தால் உயிரைக் கொடுத்தாவது சொல்லியிருப்பார். போடாதே என்று சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண் போவாள், அந்த மாவுக்கை மனிதர் போவார், எங்கோ வேலை பார்க்கும் முப்பத்தி நாலு பேர் போவார்கள், மருந்து மட்டும் லாரியில் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த வாரக் கணக்கையும் எழுதிடும்மா. பக்கம் விட்டுப்போகக் கூடாது," என்றார் துறைத்தலைவர்.

பதிவேட்டைத் தீனிக்காரரே கொண்டுவந்து பிரித்து வைத்தார், பக்கத்தைக்கூட எடுத்துக் கொடுத்தார். அவள் கிண்ணம் என்ற இடத்தில் 240 என்று எழுதினாள். காலி என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு சுழி போட்டாள்.

"பாப்பா டாக்டராயிடுச்சு," என்று தீனிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசல்வரை மூன்று பேரும் நடந்தார்கள். காவலாளி அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். சர்வேயரம்மா இப்போதுதான் அதைப் படித்தார், மூன்று பக்கத்தையும், வெயிலில் நின்றபடியே. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஆராய்ச்சிப் பெண்ணும் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டது அதே தாளில்தான்.

கைப்பேசி அடித்தது. அந்த அண்ணன்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க தங்கச்சி பேருக்கு ஒண்ணும் வராது. பட்டம் கிடைச்சிடும்."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "எனக்குத் தெரியும்மா. எங்க வீட்டுல பொய் சொல்ற வழக்கமே கிடையாது. அவகிட்ட கொடுங்க."

ஆராய்ச்சிப் பெண் வாங்கிக்கொண்டாள். வயல்காட்டுக் காற்றில் கத்திப் பேசிப் பழகிய குரல், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"டாக்டரே, ஒரு சந்தேகம். விதை போட்டாச்சு. அடுத்த மாசம் புழு இறங்கும். கம்பெனி ஆளுங்க நாளைக்குப் புது மருந்து கொண்டு வர்றாங்களாம். டப்பா மேல உங்க யூனிவர்சிட்டி முத்திரையே இருக்காம். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமில்ல?"

அவள் சர்வேயரம்மாவின் கைப்பையைப் பார்த்தாள். பிறகு கேட்டைப் பார்த்தாள். கொழுந்தன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வண்டி என்பதையே மறந்தவன் மாதிரி நின்றான்.

"அண்ணா," என்றாள். "இந்தத் தடவை புழு வந்தா கையால பொறுக்கிடேன்."

"என்ன?"

"கையால. ஒவ்வொரு செடியா."

அண்ணன் சிரித்தார். சந்தோஷத்தில் இருந்த மனிதர், நன்றாகவே சிரித்தார். "எட்டு ஏக்கரையுமா?"

"ஆமாண்ணா. நானும் வர்றேன்."

"அஞ்சு வருஷம் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கிட்டு, புழு பொறுக்க வர்றியா?"

"ஆமாண்ணா," என்றாள் அவள்.